வேன் வந்தால் உஷார்!

சொசைட்டி வாட்ஸ்அப் குரூப்பில் அந்த வீடியோ வந்தபோது ராத்திரி பத்தரை இருக்கும். புனே லோஹேகாவ் பஸ் ஸ்டாப் பக்கம் டீக்கடை ஓரத்தில் தினமும் உட்கார்ந்திருக்கும் கிழவர். ஒரே நிறத்தில் டீ-ஷர்ட் போட்ட நான்கு பையன்கள் அவர் தாடியை மெஷின் வைத்து எடுக்கிறார்கள். பக்கெட்டிலிருந்து மொண்டு தலையில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். புதுச் சட்டை மாட்டுகிறார்கள். கடைசியில் வெள்ளை வேனில் ஏற்றிக் கதவைச் சாத்துகிறார்கள். பின்னணியில் புல்லாங்குழல் அழுகிறது. 'ஒரு அப்பாவுக்கு வீடு கிடைத்தது' என்று இந்தியில் எழுத்து ஓட, கீழே க்யூஆர் கோடு. குரூப்பில் கும்பிட்ட கைகள் வரிசை கட்டின. நானும் ஒன்று போட்டேன். கூடவே 500 ரூபாயும் அனுப்பிவிட்டு, நல்ல காரியம் செய்த நிம்மதியில் படுத்தேன்.

22 நாள் கழித்து ஒரு காலையில் அதே டீக்கடை. ராத்திரி பஸ்ஸில் வந்த கசங்கல் முகத்தில் தெரிய, நாற்பது வயசு மதிக்கத்தக்க ஒருவர் செல்போனில் ஒரு போட்டோவைப் பெரிதாக்கி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். லாத்தூர் மாவட்டத்தில் ஒரு கிராமம். அப்பாவுக்கு ஞாபக மறதி. பண்டரிபுரம் பாதயாத்திரையான ஆஷாட வாரிக்கு ஊர்க்காரர்களோடு ஆளந்திக்கு வந்தவர், பல்லக்கு கிளம்பிய நெரிசலில் திண்டியை, அதாவது கூட நடக்கும் குழுவை, தவறவிட்டுவிட்டார். பையன் ஆளந்தி, சாஸ்வட், பண்டரிபுரம் என்று ஐந்து மாதமாக அலைந்திருக்கிறார். வாகோலியில் டெம்போ ஓட்டும் ஊர்க்காரர் ஒருவர், "லோஹேகாவ்ல உங்கப்பா மாதிரி ஒருத்தரைப் பார்த்தேன்" என்று சொல்ல, அன்று ராத்திரியே பஸ் பிடித்திருக்கிறார்.

போட்டோவில் வெள்ளைத் தாடி, கழுத்தில் துளசி மாலை. டீக்கடைக்காரர் பார்த்ததும் பாய்லரை அணைத்துவிட்டார். "அண்ணா, அந்த வீடியோ உங்ககிட்ட இருக்கா?" என்று என் பக்கம் திரும்பினார். (இங்கே தெற்கத்திக்காரன் எவனும் 'அண்ணா'தான். அவருக்கு என்னைவிடப் பத்து வயசு அதிகம்.)

காட்டினேன். தாடி எடுத்த பிறகு வந்த முகத்தைப் பையனுக்கே சட்டென்று அடையாளம் தெரியவில்லை. திரும்ப முதலிலிருந்து போடச் சொன்னார். மூன்றாம் முறை பார்க்கும்போதுதான் என் கண்ணில் அது பட்டது. தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் கிழவர் ஒரு துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருக்கிறார். ஒரு கை வந்து பிடுங்குகிறது. அவர் விடவில்லை. இன்னொரு கை வருகிறது. பை, ஓரத்தில் இருக்கும் குப்பை டிரம்மில் போய் விழுகிறது. மொத்தம் இரண்டு செகண்ட்.

"அதுலதான் திண்டி கார்டு இருந்தது" என்றார் பையன். "என் நம்பரும் எழுதி வச்சிருந்தேன்."

இத்தனை நாளும் நாங்கள் அவரை 'மாவுலி பாபா' என்றே கூப்பிட்டோம். யாரைப் பார்த்தாலும் 'மாவுலி' என்று கையெடுப்பார், அதனால் அந்தப் பெயர். வாரிக்குப் போகிறவர்கள்தான் ஒருவரை ஒருவர் அப்படிக் கூப்பிடுவார்கள் என்பது இங்கே பச்சைக் குழந்தைக்கும் தெரியும். வழி தவறிய வார்க்கரி என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. வடாபாவ் வாங்கிக் கொடுத்தோம், போர்வை கொடுத்தோம், பையைத் திறந்து பார்க்கவில்லை. ஒரு போன் போட்டிருந்தால் மறுநாள் வீடு போய்ச் சேர்ந்திருப்பார். ஊரும் லேசுப்பட்ட ஊரா? சந்த் துகாராமுக்குத் தாய்வழி ஊர் இந்த லோஹேகாவ். அவர் கீர்த்தனை பாடிய மண்ணில், பண்டரிபுரம் போக வந்த ஒருவரை நாங்கள் பெயர் தெரியாத வேனில் ஏற்றி அனுப்பி, அதற்குப் பணமும் கட்டியிருக்கிறோம்.

வீடியோவில் இருந்த நம்பர் ஸ்விட்ச்டு ஆஃப். வேனின் நம்பர் பிளேட் எந்த ஃப்ரேமிலும் இல்லை. என் போனில் பணம் போன வரலாற்றைத் தேடிப் பார்த்தேன். பெற்றுக்கொண்டவர் பெயர் ஒரு தனி ஆளின் பெயர். டிரஸ்ட், பவுண்டேஷன், சன்ஸ்தா எதுவுமில்லை. அனுப்பிய அன்றே அது திரையில் வந்திருக்கும். பார்க்காமல் அமுக்கியது என் விரல்.

ஆகவேதான் இதை எழுதுகிறேன். தர்மத்துக்கு என்று வசூல் செய்து ஏமாற்றுகிறவன் உங்கள் பணத்தைத்தான் கொண்டுபோவான், போனால் போகிறது. ஆளை ஏற்றிக்கொண்டு போகிறவனைக் கண்டுதான் நீங்கள் பயப்பட வேண்டும். ரோட்டோரத்தில் ஒருவர் இருக்கும்வரை டீக்கடைக்காரர், பூக்காரம்மா, வாட்ச்மேன் என்று பத்துப் பேர் பார்வையில் இருக்கிறார். வேன் கதவு சாத்திய நிமிஷத்திலிருந்து அவரைப் பார்க்கிற கண் ஒன்றுமில்லை.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் நம் ஊரில் நடந்ததையே பாருங்கள். விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர், அன்பு ஜோதி ஆசிரமம். ஆதரவற்றவர்களையும் மனநலம் பாதித்தவர்களையும் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்று வருஷக்கணக்காக நடந்த இடம். திருப்பூரிலிருந்து அங்கே சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரைப் பார்க்க உறவினர் போனால், ஆள் இல்லை. இடம் போதவில்லை, பெங்களூரில் இன்னொரு இல்லத்துக்கு அனுப்பிவிட்டோம் என்று பதில். பெங்களூரில் கேட்டால், அவர் இங்கிருந்து தப்பி ஓடிவிட்டார் என்று பதில். சென்னை ஐகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகுதான், 2023 பிப்ரவரியில் அதிகாரிகள் உள்ளே நுழைந்தார்கள். உரிய அனுமதி இல்லை. அடைத்து வைக்கப்பட்டிருந்த 140க்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள். அடி உதை, பாலியல் வன்கொடுமை, குரங்கை ஏவிக் கடிக்க வைத்தது என்று புகார்கள் வரிசையாக வந்தன. வழக்கு சிபிசிஐடி கைக்குப் போனது.

அந்த ஒரு முதியவருக்காக வழக்குப் போட ஒருவர் இருந்தார். மற்றவர்களுக்கு யார் இருந்தார்கள்? வேற்று மாநிலத்திலிருந்து வழி தவறி வந்து, பாஷை புரியாமல் அங்கே கிடந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால் மதுரை. ரிசர்வ் லைனில் இதயம் அறக்கட்டளை நடத்திய ஆதரவற்றோர் விடுதி, கொரோனா ஊரடங்கில் வீடற்றவர்களைப் பார்த்துக்கொண்டு நல்ல பேர் வாங்கியிருந்தது. 2021 ஜூன் கடைசியில், அங்கிருந்த ஒரு வயது ஆண் குழந்தை கொரோனாவில் இறந்துவிட்டதாகவும் தத்தனேரி மயானத்தில் புதைத்துவிட்டதாகவும் சொன்னார்கள். அதற்குப் பேப்பர் இருந்தது, அடக்கம் செய்த போட்டோகூட இருந்தது. குழந்தையின் அம்மா மனநலம் சரியில்லாமல் அதே விடுதியில் இருந்தவர், அவரால் என்ன கேட்க முடியும்? வெளியே இருந்த ஒருவர் சந்தேகப்பட்டுப் புகார் கொடுத்தார். போலீஸ் தேடியபோது குழந்தை உயிரோடு வேறொரு வீட்டில் இருந்தது. பணத்துக்குக் கைமாறியிருக்கிறது என்றது போலீஸ். இன்னொரு பெண் குழந்தையும் அப்படியே மீட்கப்பட்டாள். விடுதிக்கு சீல் வைத்தார்கள், நடத்தியவரைக் கைது செய்தார்கள்.

இங்கே மகாராஷ்டிராவில் வேன் வேறு வேஷத்திலும் வரும். 'வேலை தருகிறோம், சாப்பாடு தங்குமிடம் ஃப்ரீ' என்று சொல்லும். 2023 ஜூனில் தாராசிவ் மாவட்டத்தில், அதாவது பழைய உஸ்மானாபாத்தில், கிணறு வெட்டும் காண்டிராக்டர்களிடமிருந்து 11 கூலிகளைப் போலீஸ் மீட்டது. ஏஜென்ட் பிடித்துக்கொடுத்த ஆட்கள். பகலெல்லாம் கிணற்றுக்குள் வேலை, ராத்திரி ஓடிவிடாமல் இருக்கச் சங்கிலி. ஒருவர் எப்படியோ தப்பி ஊருக்குப் போய்ச் சொன்னதால் வெளியே வந்தது. கொத்தடிமை முறையை இந்த நாடு ஒழித்தது 1976-ல், சட்டப் புத்தகத்தில்.

இதெல்லாம் சொன்னபோது எங்கள் சொசைட்டி செக்ரட்டரி கேட்ட கேள்வி நியாயமானது. "அப்ப ஃபுட்பாத்லயே விட்டுடணும்கிறீங்களா?"

விடக் கூடாது. ஃபுட்பாத் என்பது இந்தப் பக்கத்தில் சாவுக்குப் பக்கத்துப் படுக்கை. 2024 டிசம்பர் 23, நள்ளிரவு தாண்டி ஒரு மணி வாக்கில், இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் வாகோலி கேஸ்நந்த் பாட்டாவில் ஒரு டம்பர் லாரி ஃபுட்பாத்தில் ஏறியது. அமராவதிப் பக்கத்திலிருந்து கூலி வேலை தேடி வந்து அங்கே படுத்திருந்தவர்கள். மூன்று பேர் செத்தார்கள். அதில் இரண்டு பேருக்கு வயசு ஒன்றும் இரண்டும். ஆறு பேருக்குக் காயம். டிரைவர் குடித்திருந்தார். எதிரே போலீஸ் ஸ்டேஷன். மறுநாள் போர்வைகள் வந்தன, சாப்பாடு வந்தது, கேமராக்கள் வந்தன. அந்தக் குளிரில் அவர்களுக்குத் தேவைப்பட்டது நான்கு சுவர்.

நான்கு சுவர் சட்டப்படி இருக்க வேண்டியதுதான். ஒரு லட்சம் ஜனத்தொகைக்கு ஒரு தங்குமிடமாவது வேண்டும், வருஷம் பூராவும் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2010-லிருந்து மாநிலங்களைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கிறது. தேசிய நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டத்திலும் அதே கணக்குத்தான் இருந்தது, அதற்கு மத்திய அரசு பணமும் ஒதுக்கியது. 2011 சென்சஸ்படி புனே மாநகராட்சியில் 31 லட்சத்துக்கு மேல் ஜனம். அதற்கே 31 தங்குமிடம். அதற்குப் பிறகு 2017-ல் லோஹேகாவ் உட்பட 11 கிராமங்களையும், 2021-ல் வாகோலி உட்பட 23 கிராமங்களையும் மாநகராட்சி விழுங்கியது. ஒரு பக்கம் ஏர்போர்ட் ரன்வே, தலைக்கு மேல் சுகோய், போர்வால் ரோடு முழுக்க புதிது புதிதாக டவர். அந்த டவர்களைக் கட்டுகிறவர்கள் தகரக் கொட்டகையிலும், கொட்டகையில் இடம் கிடைக்காதவர்கள் ரோட்டிலும் படுக்கிறார்கள். வார்டு ஆபீசுக்குப் போனால் தண்ணீர் டேங்கர் பற்றி மட்டும் சண்டை போடுகிறோமே, பக்கத்து இரவுத் தங்குமிடம் எங்கே என்று என்றைக்காவது கேட்டிருக்கிறோமா? நானும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய கேள்வி கேட்கப்படாத இடத்தில்தான் வெள்ளை வேன் வந்து நிற்கிறது.

ரோட்டில் படுப்பவர்களும் போலீஸைக் கண்டால் ஒளிவார்கள், வேனைக் கண்டால் ஏறிவிடுவார்கள். காரணம் இருக்கிறது. 1959-ல் வந்த பம்பாய் பிச்சைத் தடுப்புச் சட்டம், பிச்சை எடுப்பவரை மட்டுமல்ல, பிழைக்க வழியில்லாமல் பொது இடத்தில் திரிபவரையும் பிடித்து அடைக்கலாம் என்கிற சட்டம். டெல்லி ஐகோர்ட் 2018 ஆகஸ்டில் டெல்லிக்கு அதன் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தது. ஆனால் சட்டத்தின் நிழலைக் கண்டு பயந்தே பழகிய ஒரு கிழவி, காக்கிச் சட்டை கூப்பிட்டால் வருவாளா, புன்னகையோடு பிஸ்கட் நீட்டும் டீ-ஷர்ட் கூப்பிட்டால் வருவாளா?

சரி, வேன் வந்துவிட்டது. என்ன செய்வது?

முதலில் நில்லுங்கள். அந்த இடத்தை விட்டு நகராமல் நிற்பதே பாதி வேலை. வண்டி நம்பரைப் போட்டோ எடுங்கள். எங்கே கொண்டுபோகிறீர்கள், அந்த இடத்தின் முழு விலாசம் என்ன, ஸ்டேஷனில் சொல்லிவிட்டீர்களா என்று கேளுங்கள். ஒழுங்காக நடத்துகிறவர்கள் இந்த மூன்றுக்கும் யோசிக்காமல் பதில் சொல்வார்கள். ஏற்றுவதற்கு முன்போ பின்போ உள்ளூர் போலீஸ் ஸ்டேஷனில் பதிவு செய்வது அவர்களுக்கே பாதுகாப்பு என்பது அவர்களுக்குத் தெரியும். 'நல்லது செய்ய வந்தா இங்கே இன்டர்வியூ எடுக்கறாங்க' என்று குரல் உயர்ந்தால், உங்கள் சந்தேகமும் உயரட்டும்.

இன்னொன்று, போகிறவருக்குச் சம்மதமா? பெரிய மனுஷர், புத்தி தெளிவாக இருப்பவர், வரமாட்டேன் என்றால் யாருக்கும் அவரைத் தூக்கிப் போட உரிமை இல்லை. வீடியோவில் கையைக் காலை உதறுகிறவரை நான்கு பேர் அமுக்கிப் பிடித்து மொட்டை அடிப்பதைப் பார்த்து நாம் ஹார்ட் போடுகிறோம். உங்கள் அப்பாவை யாராவது இப்படிச் செய்தால்?

மனநலம் சரியில்லாதவர் போல இருக்கிறாரா? அதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-வது பிரிவு, அப்படித் திரிபவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் காட்டும் பொறுப்பைப் போலீஸிடம் கொடுக்கிறது. வீடற்றவராக இருந்தால் காணாமல் போனவர் என்று எஃப்ஐஆர் போட்டு, குடும்பத்தைத் தேடுவதும் ஸ்டேஷன் அதிகாரியின் கடமை. லாக்கப்பில் வைக்கக் கூடாது. நமக்கோ இந்த எரவாடாவிலேயே, ஏர்போர்ட்டுக்குப் போகிற வழியில், மகாராஷ்டிராவின் பெரிய அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. நேரே அங்கே போக வேண்டியவர் ஏன் ஊர் பேர் தெரியாத பண்ணை வீட்டுக்குப் போகிறார்?

குழந்தை என்றால் பேச்சே இல்லை, 1098. குழந்தையை யார் எடுத்தாலும் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன்னால் நிறுத்தியாக வேண்டும். பதிவு இல்லாமல் குழந்தைகள் இல்லம் நடத்துவது ஜெயில் வரை போகும் குற்றம். முதியவர் என்றால் 14567, காலை 8-லிருந்து ராத்திரி 8 வரை எடுப்பார்கள். நடுராத்திரி என்றால் 112. இந்த நம்பர்களைச் சொசைட்டி கேட்டில், வாட்ச்மேன் நாற்காலிக்குப் பின்னால் ஒட்டிவையுங்கள். அங்கே இப்போது கேக் ஆர்டர் நம்பர்தான் ஒட்டியிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பை! தயவு செய்து அந்தப் பையைத் தூக்கிப் போட விடாதீர்கள். ரோட்டோரத்தில் இருப்பவரின் அழுக்கு மூட்டை நமக்குக் குப்பை. அதற்குள் இருப்பது பழைய ரேஷன் கார்டு ஜெராக்ஸ், மடித்து மடித்துக் கிழிந்த துண்டுச் சீட்டில் ஒரு போன் நம்பர், கோவில் டாலர், பஸ் டிக்கெட். அந்த மனுஷரை அவர் வீட்டோடு கட்டியிருக்கும் ஒரே கயிறு அது. அவரிடம் கேட்டு, அனுமதித்தால் ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முகத்தையும், தாடியோடு, முடியோடு. சுத்தம் செய்த பிறகு எடுக்கும் போட்டோ பேஸ்புக்குக்கு நன்றாக இருக்கும், தேடி வரும் மகனுக்கு உதவாது.

வேனே கூடாது என்று நான் சொல்லவில்லை. வேன் வைத்து ஊர் மெச்ச வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள். டாக்டர் பரத் வாட்வானி மும்பை ரோடுகளிலிருந்து மனநலம் பாதித்தவர்களை அழைத்துப்போய், நம் புனேக்கும் மும்பைக்கும் நடுவே கர்ஜத்தில் ஷ்ரத்தா இல்லத்தில் வைத்து வைத்தியம் பார்த்து, அவரவர் ஊரைக் கண்டுபிடித்துக் கொண்டுபோய் விடுகிறார். 2018-ல் மகசேசே விருது வாங்கியது அதற்குத்தான். சென்னையில் 1993-ல் இரண்டு இளம் பெண்கள் தொடங்கிய பான்யன், தெருவில் திரிந்த பெண்களுக்கு முப்பது வருஷமாக அதைச் செய்கிறது. அவர்களையும் மற்ற வேன்களையும் பிரித்துக் காட்ட ஒரே ஒரு கேள்வி போதும். போன வருஷம் எத்தனை பேரை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினீர்கள்? உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பெருமை பேசுகிறவன் கூட்டத்தைச் சேர்க்கிறான். கூட்டம் இருந்தால்தான் வசூல் இருக்கும்.

லைசென்ஸ் காட்டிவிட்டார்களே என்று அதோடு கையைக் கழுவவும் முடியாது. பீகாரில் முசாஃபர்பூர் சிறுமியர் காப்பகம் அரசுப் பணத்தில் நடந்தது. டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்து ஆட்கள் உள்ளே போய்க் குழந்தைகளோடு உட்கார்ந்து பேசிய பிறகே, 2018-ல் அங்கே நடந்த கொடுமை வெளியே வந்தது. நடத்தியவருக்கு 2020-ல் டெல்லி கோர்ட் ஆயுள் தண்டனை கொடுத்தது. பேப்பரைப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் நேரிலும் போய்ப் பாருங்கள். வாசலிலேயே நிறுத்தி 'டொனேஷன் கவுன்ட்டர் இந்தப் பக்கம்' என்றால் திரும்பி வந்துவிடுங்கள். திரும்பி வந்து போலீஸுக்கும் சொல்லுங்கள்.

பணம் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் எப்படியும் கொடுக்கத்தான் போகிறீர்கள். க்யூஆர் ஸ்கேன் செய்ததும் மேலே வரும் பெயரைப் படியுங்கள். பேங்க் கணக்கில் இருக்கும் உண்மைப் பெயரைத்தான் காட்ட வேண்டும் என்று 2025-ல் யுபிஐ ஆப்களுக்குக் கட்டளையே போட்டாயிற்று. டிரஸ்ட் பெயர் வராமல் தனி ஆள் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். மகாராஷ்டிராவில் டிரஸ்ட் என்றால் தர்மாதாய ஆயுக்தர், நம் பாஷையில் அறநிலைய ஆணையர் மாதிரி ஓர் அதிகாரி, அவரிடம் பதிவு நம்பர் இருக்கும். பதிவு இல்லாதவர்கள் பொதுமக்களிடம் வசூல் செய்ய, பொது அறக்கட்டளைச் சட்டத்தின் 41சி பிரிவுப்படி அனுமதி வாங்க வேண்டும். கணபதி மண்டலுக்கு வர்கணி (நன்கொடை) கேட்டு வருகிற பையன்களுக்கே இந்த விதி உண்டு. '80ஜி ரசீது தர்றோம் சார்' என்பது பழைய தூண்டில். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்த விலக்கு கிடையாது. போர்வை, அரிசி என்று பொருளாகக் கொடுத்தாலும் கிடையாது. புதிய வரிமுறையில் இருப்பவருக்கு எதற்குமே கிடையாது. ரசீதைக் காட்டி உங்களை மயக்கப் பார்க்கிறவனுக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். பணம் போய்விட்டது என்று சந்தேகம் வந்த நிமிஷமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள். நான் 22 நாள் கழித்து அடித்தேன்.

போர்வை கொடுத்துவிட்டு ஆதார் கார்டை போட்டோ எடுத்துக்கொண்டு போகிறவர்களைக் கண்டாலும் விடாதீர்கள். கொடுத்த கணக்குக் காட்டத்தான் என்பார்கள். கூலிகள் கூடும் மஜூர் அட்டாவில் வேலைக்கு நிற்பவர்களிடம், 'உன் பேரில் ஒரு பேங்க் அக்கவுன்ட் திறந்து கொடு, ரெண்டாயிரம் தர்றேன்' என்று பேசுகிற கும்பல் ஊருக்கு ஊர் உண்டு. ஏமாற்றுப் பணம் அந்தக் கணக்கு வழியாகப் பாயும், போலீஸ் வந்து நிற்பது கூலிக்காரன் கொட்டகை வாசலில். போர்வைக்கு எதற்கய்யா ஆதார்? குளிருதா என்று கேட்டால் போதாதா?

தமிழர்களுக்கு இதில் கூடுதல் வேலை ஒன்று இருக்கிறது. சென்னை, மதுரை பக்கத்திலிருந்து மும்பை போகிற ரயில்களில் ஏறி, இடையில் புனேயிலோ தௌண்டிலோ இறங்கி, திக்குத் தெரியாமல் நிற்கிற நம் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது யாருக்கும் புரியாது. உளறுகிறார் என்று முடிவு கட்டிவிடுவார்கள். கட்கி, ராஸ்தா பேட், தேஹு ரோடு என்று மூன்று நான்கு தலைமுறையாகத் தமிழர் வாழ்கிற ஊர் இது. பஸ் ஸ்டாப்பில் ஒருவர் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தால், கடந்து போவதற்கு முன்னால் அரை நிமிஷம் காதைக் கொடுங்கள். அந்த உளறல் தமிழாக இருக்கலாம். 'ஐயா, எந்த ஊரு?' என்று நீங்கள் கேட்டால் ஊர்ப் பெயர் வந்துவிடும். இங்கே அதைக் கேட்க உங்களைத் தவிர வேறு ஆளில்லை.

எங்கள் டீக்கடையில் இப்போது சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. கடை ஓரத்தில் யார் புதிதாக வந்து தங்கினாலும் பெயர், ஊர், வீட்டு நம்பர் கேட்டு எழுதி வைக்கிறார் கடைக்காரர். சொல்ல மறுப்பவரை வற்புறுத்துவதில்லை. இதுவரை ஏழு பெயர். போன வாரம் ஒரு வேன் வந்தது, இது வேறு வேன். நான் போய் நின்று கேட்டதும் பையன்கள் முகம் சுருங்கியது. ஆனால் பதிவு நம்பர் சொன்னார்கள், விலாசம் சொன்னார்கள், ஸ்டேஷனுக்குப் போனில் பேசியும் காட்டினார்கள். அங்கே இருந்த பாட்டி வரமாட்டேன் என்று தலையாட்டினாள். விசிட்டிங் கார்டை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். அவள் அதை மடித்து இடுப்புச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டாள்.

லாத்தூர்க்காரர் இங்கே ஸ்டேஷனிலும் அவர் ஊர் ஸ்டேஷனிலும் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எனக்குப் போன் செய்கிறார். என் மராட்டி கடையில் கறிகாய் வாங்க மட்டுமே தேறும். 'அஜூன் காஹீ களல நாஹீ', இன்னும் ஒன்றும் தெரியவில்லை. இந்த ஒரு வாக்கியம் மட்டும் இப்போது பிழையில்லாமல் வருகிறது.